மந்தைவெளியிலிருந்து ஜவ்வாது மலைக்கு, நாங்கள் கட்டிய லாரி வீட்டில்

கடந்த பிப்ரவரியில் நானும் என் மனைவி வசந்தாவும் ஜவ்வாது மலைக்குப் போய் ஒரு முள்ளிலவு மரத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். போக வர ஏறத்தாழ 430 கிலோமீட்டர், இரண்டு நாள். இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். நானே பல நாள் கேட்டுக்கொண்டேன். ஆனால் நாங்கள் போன வண்டி கடையில் வாங்கியது அல்ல. கனரக லாரி ஒன்றின் மேல் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்து நாங்களே கட்டிய வீடு. கட்டி முடிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. இதுபோல் ஒன்றைக் கட்ட நினைக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வசந்தா கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் மாணவிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவாள். இலையே இல்லாமல் சிவப்புப் பூவாக நிற்கும் அந்த முள்ளிலவு, மலைமேல் ஒரு சிற்றூரைத் தாண்டி நான்கு கிலோமீட்டர் மண் பாதையின் முடிவில் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் அவளுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் வலி காலில் இறங்கிவிடும். மல்லாந்து படுத்தால் ஒன்றும் இல்லை. அடையாறைத் தாண்டி அவள் எங்கும் போகவில்லை. ஆம்புலன்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஆம்புலன்ஸ்ல போய் மரம் பாக்கறதா? நன்னாருக்கு" என்றாள்.

லாரி யோசனையை நான் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். "ஒரு தடவை வரேன். வலி வந்துதுன்னா வண்டியை வித்துடணும். அப்பறம் இன்னொரு தடவை வான்னு கெஞ்சப்படாது." நான் சம்மதித்தேன். சம்மதித்த அன்றிலிருந்து பயந்துகொண்டும் இருந்தேன்.

நான் கட்டுமான வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். பிறர் போட்ட கணக்கில் தவறு கண்டுபிடிப்பது என் தொழில். சொந்தமாக ஒன்றை வடிவமைத்துக் கையெழுத்துப் போட்டதில்லை. சுரங்க வேலையில் ஓடிய, நான்கு சக்கரமும் இழுக்கும் லாரி ஒன்று ஏழு வயதில் விலைக்கு வந்தது. தரமணியில் நண்பர் ஒருவரின் காலி மனையில் அதை நிறுத்தினோம். தினமும் காலை மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறித் தரமணியில் இறங்குவேன். கணினிப் பிள்ளைகளோடு நானும் ஒரு டிபன் டப்பாவுடன் வேலைக்குப் போவது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

வெல்டிங் வேலை எல்லாம் ராயப்பேட்டை எத்திராஜ். அங்கே லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார்; இரும்பு வேலைக்கெல்லாம் வண்டி அங்கேதான் போய் நிற்கும். என்னை விட இருபது வயது சின்னவர், என்னை விட நூறு மடங்கு தைரியசாலி. படுக்கையை எந்தப் பக்கம் போடுவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மீற முடியாத சட்டம். ஆகவே தலை கிழக்கே வரும்படி வரைந்து எடுத்துப் போனேன். எத்திராஜ் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், வண்டி திரும்பும்" என்றார். அன்று முழுவதும் பட்டறையில் இருந்தவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கடைசியில் குலுக்கல் எங்கே குறைவோ அங்கே, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், படுக்கையைப் போட்டோம்.

இனி ஒரு தொழில்நுட்ப விஷயம். பொறுத்துக்கொள்ளுங்கள், இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் மேலேயும் ஒரு சக்கரம் கீழேயும் போனால் லாரியின் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். அது முறுக்குவதற்காகவே செய்யப்பட்டது. அதன் மேல் வீட்டை இறுக்கிப் பூட்டினால் வீடும் சேர்ந்து முறுக்கும். ஒரு தீப்பெட்டியை இரண்டு கையாலும் திருகிப் பார்த்தால் புரியும். ஆகவே வீட்டின் பின்பாதியை மட்டும் இறுக்கமாகப் பூட்டி, முன்பாதியை ஸ்பிரிங் மாட்டிய நான்கு போல்ட்டுகளால் சட்டகத்தோடு பிடித்துவைத்தோம். ஸ்பிரிங் அமுங்க இடம் இருக்கும்படி, போல்ட்டுகளின் நட்டை முழுக்க இறுக்காமல் விடவேண்டும். சட்டகம் முறுக்கும்போது ஸ்பிரிங் அமுங்கும், வீடு நேராக இருக்கும். எத்திராஜுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னா சார், அம்மாவுக்கு ஊஞ்சலா கட்றீங்கோ?" என்று கேட்டார். ஆனாலும் சொன்னபடி செய்து கொடுத்தார்.

புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை. நகருக்குள் கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் விடியற்காலை ஐந்தே காலுக்கு வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. ஓட்டுநர் தனசேகர், இருபது வருடம் லோடு லாரி ஓட்டியவர். வண்டியின் உயரம் 3.4 மீட்டர். தெருவில் கேபிள் ஒயர்கள் அதைவிடத் தாழ்வாகத் தொங்கும் என்று அளந்து வைத்திருந்ததால் துணி உலர்த்தும் கோல் ஒன்றுடன் நான் முன்னால் நடந்தேன். எதிர்வீட்டுக்காரர் பால் வாங்க வந்தவர், பையோடு நின்றுவிட்டார். "என்ன சார், ஆத்தைக் காலி பண்றேளா?" என்று கேட்டார். "இல்லை, கூடவே எடுத்துண்டு போறோம்" என்று வசந்தா ஏணியில் ஏறிக்கொண்டே பதில் சொன்னாள். அவள் ஏறுவதற்காக ஒவ்வொரு படியையும் 17 சென்டிமீட்டரில் வைத்திருந்தேன். கைப்பிடியை ஒரு கையால்தான் பிடித்திருந்தாள். அதைப் பார்த்தபோது ஏற்பட்ட பெருமையை நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

காஞ்சிபுரம், ஆரணி வழியாகப் போளூர் 165 கிலோமீட்டர். மணிக்கு ஐம்பதைத் தாண்டாமல் போய்ப் பத்து மணிக்குச் சேர்ந்தோம். நான் தனசேகருக்குப் பக்கத்தில். வசந்தா பின்னால் படுக்கையில், இடுப்புப் பட்டையுடன். இரண்டு பேருக்கும் இடையே பேசுவதற்கு ஒரு சின்ன ஒலிபெருக்கி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "வலிக்கிறதா?" என்று கேட்டேன். ஆரணி தாண்டியதும், இனிமேல் கேட்டால் அதுதான் வலி என்று சொல்லிவிட்டாள்.

போளூரிலிருந்து மலைப்பாதை 42 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். தார் முடிந்து மண் பாதை தொடங்கும் சிற்றூரில் ஒருவர் இரு சக்கர வண்டியை நிறுத்தி, ஆஸ்பத்திரி வண்டியா, இன்றைக்கு ஊசி போடுவார்களா என்று விசாரித்தார். இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இருந்தாலும் ஓடையில் தண்ணீர் இல்லை, தாராளமாகப் போகலாம் என்று வழி சொன்னார்.

மண் பாதையில் முந்நூறு மீட்டர் போயிருப்போம். மழையில் அரித்த ஒரு பள்ளத்தில் இடது முன்சக்கரம் இறங்கியது. பின்னாலிருந்து பலகை விரிசல் விடுவது போல் ஒரு சத்தம். தனசேகர் உடனே நிறுத்திவிட்டார். நான் இறங்கி ஓடிப் போய் வீட்டுக் கதவை இழுத்தேன். வரவில்லை. உள்ளேயிருந்து வசந்தா தள்ளினாள். அப்போதும் வரவில்லை.

"ஏன்னா, கதவு சிக்கிண்டிருக்கு" என்றாள். குரலில் பதற்றம் இல்லை. கதவு சிக்குகிறது என்றால் வீடு முறுக்குகிறது. வீடு முறுக்குகிறது என்றால் என் கணக்கு தவறு. பதினான்கு மாதமாக எந்தச் செய்திக்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது என்று நினைத்தேன்.

தனசேகர் பின்னோக்கி எடுத்துச் சமதளத்துக்கு வந்தார். கதவு தானாகத் திறந்துகொண்டது. கூரை ஓரத்தில் பசை ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. நான் வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய் ஸ்பிரிங்கை ஸ்கேலால் அளந்தேன். 120 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, 95 இருந்தது. நான்குமே அப்படித்தான். சுருளோடு சுருள் ஒட்டி, ஸ்பிரிங் ஸ்பிரிங்காகவே இல்லை. இரும்புக் குண்டுபோல் ஆகியிருந்தது.

மேட்டில் ஏறி நின்றால் கைப்பேசிக்குச் சிக்னல் வந்தது. எத்திராஜைக் கூப்பிட்டேன்.

"ஆமா சார், நான்தான் டெலிவரிக்கு முன்னாடி நாலு நட்டையும் ஃபுல்லா டைட் பண்ணேன்" என்றார், நல்லது செய்தவரின் குரலில். "வண்டி வெளிய போவுது, நட்டு லூசா கீது. எவனாவது பாத்தா பட்டறைய பத்தி இன்னா பேசுவான்? உங்குளுக்கும்தானே அசிங்கம்."

பட்டறை வழக்கம் அது. வண்டியைக் கையில் கொடுக்கும் முன் எல்லா நட்டையும் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடிப்பது மரியாதை. வண்டியை எடுத்த அன்று அந்தப் பெயிண்டை நான் பார்த்தேன். குனிந்து அளந்தால் அவரை நம்பவில்லை என்று நினைப்பாரே என்று கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டேன். விளக்கிச் சொன்னதும் எத்திராஜ், "அப்ப கழட்டி உன் அளவுக்கு வெச்சிக்கோ சார். கணக்கு உன்துதானே. நான் வெல்டு வெச்சவன்" என்றார்.

கணக்கு என்னுடையதுதான். பிரச்சினையே அதுதான். இறுக்கியிருந்ததால் வந்த கோளாறு என்பது தெரிந்துவிட்டது. ஆனால் தளர்த்தினால் சரியாகும் என்பதற்கு என் கணக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை. தவறாக இருந்தால் பள்ளத்தில் வீடு ஒரு பக்கமாகச் சாயும். அதன் உள்ளே வசந்தா படுத்திருப்பாள்.

தனசேகர் தன் கருத்தை ஒளிக்கவில்லை. "லோடு வண்டில நட்டு லூசாயி உயிர் போனத பாத்துக்கீறேன் சார். வேணும்னே லூஸ் பண்ணி ஓட்னவன இதுவரிக்கும் பாக்கல. அம்மாவ உள்ள வெச்சினு நான் ஓட்ட மாட்டேன்."

திரும்பிவிடலாம் என்று நான் வசந்தாவிடம் சொன்னேன். அவள் ஒரு பாறை மேல் கையூன்றி நின்றுகொண்டு, தூரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊரார் கணக்குல தப்பு இருந்தா உங்களுக்கு ரெண்டே நிமிஷத்துல தெரியும். உங்க கணக்கை ஒரு வருஷமா பாத்துண்டிருக்கேளே, தப்பு கண்டுபிடிச்சேளா?"

"இல்லை" என்றேன்.

"அப்பறம் என்ன? போய்த் தளர்த்துங்கோ."

முப்பதாம் நம்பர் ஸ்பேனர். ஒவ்வொரு நட்டுக்கும் பத்துச் சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டரை மில்லிமீட்டர் தளரும். ஒவ்வொன்றையும் 120-இல் நிறுத்தி, மேலே இன்னொரு நட்டைப் பூட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு, வசந்தா இல்லாமல் அதே பள்ளத்தில் சக்கரத்தை இறக்கும்படி தனசேகரைக் கேட்டுக்கொண்டேன். அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எடுத்தார். நான் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சக்கரம் இறங்கியது. சட்டகம் முறுக்கியது. ஒரு பக்கம் ஸ்பிரிங் மெதுவாக அமுங்கி, வீட்டுக்கும் சட்டகத்துக்கும் நடுவில் என் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. சத்தமே இல்லை. எழுந்து போய்க் கதவை ஒரு விரலால் இழுத்தேன். திறந்தது.

தனசேகர் இறங்கி வந்து கதவைத் தானும் நான்கு முறை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு ஏணியை இறக்கிவிட்டு, "ஏறிக்கோங்கம்மா" என்றார்.

மீதி தூரத்துக்கு ஐம்பது நிமிடம். மரம் பூத்திருந்தது. ஒரு இலை கூட இல்லை. கிளை முழுக்கக் கெட்டியான சிவப்புப் பூக்கள், அதில் மைனாக்களின் சண்டை. வசந்தா கீழே கிடந்த ஒரு பூவை எடுத்து, இதழை விலக்கி மகரந்தத் தாள்களை எனக்கு விளக்க ஆரம்பித்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. நடுவில் நிறுத்தி, தன் காலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. "ஒண்ணுமில்லை" என்று அவளே சொன்னாள்.

அன்றிரவு அந்தச் சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தின் அருகே அனுமதி கேட்டு வண்டியை நிறுத்தித் தங்கினோம்.

இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். லாரியோடு சேர்த்து எனக்கு இருபத்து மூன்று லட்சம் ஆயிற்று. லாரியின் பாடியை மாற்றும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். கட்டிய பிறகு போனால் அலைச்சல். டீசல் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர்தான் கொடுக்கும். ஜவ்வாது மலைக்கு மாசி பிறப்பதற்குள் போய்விடுங்கள், அதற்குப் பின் பூ உதிர்ந்துவிடும். வழியில் பெரிய கடைகள் கிடையாது, குடிநீரைப் போளூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் நாளில் ஸ்கேலுடன் அடியில் படுத்து நீங்களே அளந்து பாருங்கள். யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை திரும்பினோம். அதே பள்ளம். தனசேகர் வேகத்தைக் குறைத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சக்கரத்தை இறக்கினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. ஒலிபெருக்கியில் வசந்தாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கிப் பின்னால் ஓடிக் கதவைத் திறந்தேன்.

நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.