முப்பத்தெட்டு லிங்க்

தையல் மெஷின் ரிப்பேர்த் தொழில் ஃபோன் மணியில் ஓடுகிறது. தாராவியில் எங்கள் கடை ஃபோன் அடிப்பது நின்றுபோயிற்று. இணையத்தில் தேடினால் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த எங்கள் வெப்சைட் ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அதுவரை யார் போவார்? இன்னொரு மாதம் இப்படி என்றால் மெக்கானிக் இருவரையும் வேறு இடம் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான். வெப்சைட் வைத்து அல்லல்படுகிறவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

முதல் ஆள்

ஃபோன் நன்றாக அடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இதை ஆரம்பித்தவர் மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் எடுக்கும் என் சம்பந்தி. அவர் வெப்சைட்டில் என் கடைக்கு ஒரு லிங்க், என்னுடையதில் அவருக்கு ஒன்று. அதைப் பார்த்துத் தேடல் கம்பெனிக்காரன் இருவரையும் மேலே ஏற்றுவானாம். சும்மா ஏன் ஏற்றுகிறான்? சாம்பார் வாளிக்கும் தையல் மெஷினுக்கும் எதற்கு லிங்க் என்று கேட்டேன்.

"பொண்ணையே கொடுத்திருக்கேன். ஒரு லிங்க் கொடுக்க மாட்டீரா?"

சங்கத்து ஞாயிறு

கொடுத்தது ஞாயிறுதோறும் கூடும் எங்கள் ஊர்க்காரர் சங்கத்தில் தெரிந்துவிட்டது. செம்பூர் ஜாதகக்காரர், உல்லாஸ்நகரில் நைட்டி விற்கும் என் மைத்துனன், ஊறுகாய்க்காரர் என்று வரிசை. முதலில் தங்கள் வெப்சைட்டில் என்னைப் போட்டுவிட்டுத்தான் வந்து நிற்பார்கள். கல்யாணப் பத்திரிகை வைத்த மாதிரி. மறுத்தால் நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவன் வரமாட்டான். முப்பத்தேழு ஆயிற்று. பல் டாக்டரிடம் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்ட கேள்வியில் அவருக்கும் போட்டேன்.

"ஊறுகாய்க்காரனுக்குப் போட்டீரு. நான் மட்டும் வேத்தாளா வே?"

அம்பர்நாத்திலிருந்து

ஃபோன் அடங்கிப்போன பிறகு அபூர்வமாக ஒரு நாள் அடித்தது. அம்பர்நாத்தில் பன்னிரண்டு மெஷின் ஓட்டும் பழைய வாடிக்கைக்காரர்.

"ஒங்க வெப்சைட்டைத் திறந்தா ஊறுகாய் வருது, ஜாதகம் வருது, பல்லு வருது. மெஷின் பாக்கீங்களா, விட்டுட்டீங்களா அண்ணாச்சி?"

மாஹிம் பாய்

எனக்குச் சந்தேகம் மாஹிம் பாய் மேல். அதே ரிப்பேர்த் தொழில். தேடினால் முதலில் வருகிறவர் அவர்தான். எனக்கு ஏதோ செய்துவிட்டார் என்று நேரே போய்க் கேட்டேன். டீ சொன்னார். நான் தொடவில்லை. யார் கண்டது?

பாய் தன் ஃபோனில் என் வெப்சைட்டைத் திறந்து விரலால் பக்கத்தைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார். இப்படிப் பேசிவைத்து மாற்றிக்கொள்கிற லிங்க் அதிகமானால் தேடல் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், கீழே இறக்கிவிடுவார்கள் என்றார். நீர் மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லையா என்று மடக்கினேன்.

"எனக்கு இங்க சங்கமும் கிடையாது, சம்பந்தியும் கிடையாது அண்ணாச்சி. மெஷின் மட்டுந்தான்."

கழற்றியது

காரணம் தெரிந்துவிட்டது. வீட்டிலும் சொன்னேன். ஆனால் சம்பந்தி பேரை எந்த முகத்தோடு எடுப்பேன்? இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் என் பெண்டாட்டி, வெப்சைட் செய்து கொடுத்த ஆளை ஃபோனில் பிடித்து ஒவ்வொரு பேராகச் சொல்லி எடுக்க வைத்தாள். முதலில் போனது அவள் தம்பியின் நைட்டிக் கடை. அடுத்தது சம்பந்தி.

சாயங்காலமே சம்பந்தி கூப்பிட்டார். எங்கள் பேரையும் தன் வெப்சைட்டிலிருந்து தூக்கி எறிந்துவிட்டதாகக் கத்தினார். ஃபோன் அவள் கையில்.

"ரொம்ப நல்லது அண்ணே, நானே கேக்கணும்னு இருந்தேன். அந்த ஊறுகாய்க்காரரையும் எங்க பேரை எடுக்கச் சொல்லுங்க."

மூன்று மாதத்தில் ஃபோன் மறுபடி அடிக்கத் தொடங்கியது, மெக்கானிக் இருவரும் இருக்கிறார்கள், சங்கத்தில்தான் எங்களோடு பேச ஆளில்லை. எல்லாம் என் பெண்டாட்டி பொன்னுத்தாயின் வேலை.