ஸ்டோர்கீப்பர் வீட்டு டிராயர்கள்

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று சிலரைச் சொல்வார்கள். ஸ்டோர்கீப்பர் அவர்களுக்கும் ஒரு படி மேல். ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஆணியும் திருகும் எண்ணியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகு, கணக்குக் கேட்க மனைவி ஒருத்திதான் மிச்சம்.

சமையலறைக்குப் புது அலமாரி செய்தபோது, டிராயர் ஓடும் சேனல் வாங்க அவரே கடைக்குப் போனார். மனைவி பின்னால் நின்றாள். கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று, சின்ன பிளாஸ்டிக் சக்கரம் ஓடுகிற சாதா சேனல். இன்னொன்று சாஃப்ட் க்ளோஸ்; லேசாகத் தள்ளிவிட்டால் கடைசியில் தானே மெதுவாக உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளும்.

"இதையே எடுத்துக்கங்க சார். சத்தமே வராது."

"சத்தம் வராதா? அப்ப இதைத் திருடன் வீட்டுக்குக் குடு."

சாதா சேனலை வாங்கியதோடு விட்டாரா? ஒரு சொட்டு எண்ணெய்கூட விடக் கூடாது என்று தச்சரிடம் கண்டிப்பாகச் சொன்னார். கொஞ்ச நாளில் மேல் டிராயர் கிறீச்சிட்டது, நடு டிராயர் கடகடத்தது, கீழ் டிராயர் முட்டிக்கொண்டு நின்றது. அவருக்கோ பாம்புக் காது. முன்னறையில் பேப்பரை விரித்துக்கொண்டே, "நடு டிராயர்ல என்ன வேலை? காலையிலதான சர்க்கரை எடுத்த?" என்று குரல் கொடுப்பார். அந்த வீட்டில் அவள் ஒரு பிஸ்கட்டை நிம்மதியாகத் தின்றதில்லை.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது மகள் விஷயம். பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருந்த மகள் ஒரு மத்தியானம் பசி தாங்காமல் மேல் டிராயரைத் திறந்தாள். கிறீச். முன்னறையிலிருந்து நாக்கில் நரம்பில்லாமல் வந்தது கேள்வி:

"ஏன், உன் வீட்டுக்காரன் சோறு போடறதில்லையா?"

மகள் கடித்த பாதி பிஸ்கட்டை டப்பாவிலேயே போட்டு மூடினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரவேயில்லை. பேத்தி பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டாள். அம்மா கூப்பிடும்போதெல்லாம் மகள் போனில் ஒன்றேதான் சொன்னாள். "அந்தக் கிறீச் சத்தத்தை நெனச்சாலே அப்பா கேட்டதுதான் காதுல விழுதும்மா. அது இருக்கற வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

இதற்கிடையில் ஸ்டோர்கீப்பருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி இரண்டு கண்ணிலும் பார்வை போயிற்று. நாற்காலியைச் சமையலறைக்குள்ளேயே போடச் சொன்னார். கண்ணுக்கும் சேர்த்துக் காது வேலை செய்தது.

மகளை எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. அதற்காகவே அந்தக் கடைக்குத் தனியாகப் போனாள். டிராயர் எவ்வளவு ஆழம், எவ்வளவு கனம் வைப்பீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். நூல் பிடித்து அளந்த ஆழத்தைக் காட்டினாள். "கனமெல்லாம் ஒண்ணுமில்லப்பா. சத்தம் மட்டும் வரக் கூடாது." சாதா சேனலுக்கும் சாஃப்ட் க்ளோஸுக்கும் பக்கத்தில் விடும் இடைவெளி ஒன்றுதான், பழைய டிராயரிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்றார் அவர். கணவரை அவர் தம்பி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாளில், காதும் காதும் வைத்தமாதிரி தச்சர் வந்து மாற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஸ்டோர்கீப்பர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிராயரே தெறக்கலையா இன்னிக்கு?"

மாற்றிவிட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இப்பதான தெறந்து மூடினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்."

அவர் தட்டுத் தடுமாறி வந்து, தானே மேல் டிராயரை இழுத்தார், தள்ளினார். மறுபடி இழுத்தார். டிராயரை அவர் கையால் தொட்டதே அதுதான் முதல் தடவை; ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

"நீ பேசறது நல்லாக் கேக்குதே!"

"வயசானா பேச்சு கேக்குமாம். கீச்சுச் சத்தந்தான் மொதல்ல போகுமாம்."

எந்த டாக்டரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. பொய் அதுவாக வந்தது, வந்ததும் இனித்தது. பாவம் என்று யாரும் அவசரப்பட்டு அவருக்காக உருக வேண்டாம், அவள் உருகவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் முகத்துக்கு எதிரே நின்று தின்றாள்.

சத்தம் ஒழிந்தது என்று அம்மா போனில் சொல்ல, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள், பேத்தியோடு. செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லி, உதட்டில் விரல் வைத்து உள்ளே கூட்டி வந்தாள் அம்மா. மேல் டிராயரை இழுத்துக் காட்டினாள். கமுக்கமாக வந்தது, கமுக்கமாக மூடிக்கொண்டது. மகளுக்குக் கண் கலங்கியது. டப்பாவைத் திறந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டோர்கீப்பர் தலையைத் திருப்பினார்.

"யாரு?"

"யாருமில்ல."

"சின்னப்புள்ள மெல்லற மாதிரி இருக்கே."

"உங்க காது சொல்லுது. அதுதான் இப்ப கண்டபடி சொல்லுதே."

குழந்தை, "தா..." என்று ஆரம்பித்தது. பாட்டி அதன் வாயைப் பொத்தினாள். மகள் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

கிழவர் கையை முன்னால் நீட்டிக் காற்றில் துழாவினார். குழந்தையின் தலை ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

"நம்ம மக வந்திருக்காளோன்னு நெனச்சேன்" என்றார். "அவளை அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவ வந்தா எங்கிட்ட சொல்லுவியில்ல?"

"சொல்லாம இருப்பனா?"

மகள் "அப்பா" என்று கூப்பிட வாயெடுத்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைக்கக்கூட இல்லை, சும்மா பார்த்தாள். மகள் கையிலிருந்த பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் மென்றாள்.