படம் வராத ஞாயிற்றுக்கிழமை

ஒன்பது வயதில் எனக்கு அப்பாவின் முகம் மறந்துபோயிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சவூதிக்கு வெல்டர் வேலைக்குப் போனபோது எனக்கு மூன்று வயது. இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று போனவருக்கு லீவு தள்ளிக்கொண்டே போனது. வீட்டில் இருந்த கல்யாணப் படத்தில் மீசையில்லாத யாரோ ஒருவர் அம்மா பக்கத்தில் நின்றார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் இருந்தவர், யாரோ அதட்டியதுபோல விறைத்துப் போயிருந்தார். கண்ணை மூடி அப்பாவை நினைத்தால் இந்தப் பாஸ்போர்ட்காரர்தான் வருவார். அவர் சிரிக்கவே மாட்டார்.

அந்த வருஷம், அப்பாவோடு வேலை பார்த்த பந்தல்குடிக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தார். அப்பா பேசுவதை அங்கே யாரோ கேமராவில் பிடித்து அதில் போட்டிருந்தார்கள். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் சிடியைப் பார்த்தவர்களே குறைவு. அம்மா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். நான் பார்த்தபோது என் முகம்தான் தெரிந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, அருப்புக்கோட்டையில் கல்யாணப் பத்திரிகைகளை வடிவமைத்துக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். வாங்கும்போதே அது பழையது. எழுத்தைக் காட்டும், ஓடும் படத்தைக் காட்டாது. சிடியைப் போட்டதும் திரையில் கட்டம் கட்டமாக நிறம் சிதறி அப்படியே நின்றுவிட்டதாம். மாமா விடவில்லை. மதுரைக்குப் போய், திரைக்குப் படம் அனுப்புகிற புது டிஸ்பிளே கார்டு வாங்கிவந்துவிட்டு, சனிக்கிழமை எங்களை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

நாங்கள் போனபோது கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார். கார்டைப் பொருத்தி சுவிட்சைப் போட்டார். உள்ளே ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. அதன் அடியில் பச்சையாக எரிய வேண்டிய சின்ன விளக்கு மஞ்சளாக மினுக்கியது.

கார்டைப் பிடுங்கி மறுபடி அழுத்தினார். பெட்டியைப் படுக்கப் போட்டுப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். எஸ்டிடி பூத்துக்குப் போய் மதுரைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்து, கார்டின் தங்க நிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்தார். சாயங்காலத்துக்குள் மூன்று தடவை பூத்துக்குப் போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு புது வைத்தியம். எதற்கும் திரை மசியவில்லை.

"பத்திரிகை வாங்க வந்த மாப்பிள வீட்டுக்காரக, கல்யாணம் இந்த வருசந்தானான்னு கேட்டுட்டுப் போறாக," என்றார் அத்தை.

சத்தமாவது கேட்கட்டும், சிடியைப் போடுங்கள் மாமா என்று கேட்க எனக்கு ஆசை. வாய் வரவில்லை. முதலில் படம் வரட்டும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம். ஞாயிறு மத்தியானம் நாங்கள் பஸ் ஏறியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை என்னை சர்ச்சுக்குக் கூட்டிப்போனார். அம்மா தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தபோது நானும் ஒன்று கேட்டேன். அப்பாவை அனுப்பு என்று கேட்கவில்லை. அது பெரிய விண்ணப்பம் என்று தோன்றியது. முகத்தை மட்டும் காட்டு என்றேன்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே அத்தையின் கையை விட்டுவிட்டு ஓடினேன். அறைக்குள் அம்மா தரையில் குந்தி, கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டிருந்தாள். மிக்ஸி சுவிட்சைப் போடவே பயப்படுகிறவள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"படம் வரலைம்மா. சத்தம் மட்டுந்தான் வருது," என்றார்.

கருப்புத் திரைக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். ஸ்பீக்கரில் கரகரவென்று ஏதோ சத்தம். பிறகு ஒரு ஆள் சிரித்தார்.

"தாயி, அப்பா நல்லா இருக்கேன். இந்தா பாரு, இதான் எங்க ரூமு. இது என் கட்டிலு. பாத்தியா?"

அதற்குப் பிறகு பேச்சில்லை. எங்கோ ஏசி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி சிரிப்போடு ஆரம்பித்தார். எத்தனாவது வகுப்பு என்று கேட்டார். அம்மா சொல்வதைக் கேட்கிறாயா என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் நீளமாக ஒரு இடைவெளி. நான் பதில் சொல்ல நேரம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக, "அப்பாவ அடையாளம் தெரியுதா?" என்றார். அந்த இடைவெளிதான் எல்லாவற்றிலும் நீளம்.

பஸ்ஸில் நான் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. ஊர் வந்து இறங்கியதும்தான் கேட்டேன்.

"நீதான கெடுத்த?"

"ஆமா," என்றாள் அம்மா. "கை தெரியாமப் பட்டுருச்சு."

அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. வகுப்பில்கூட, எங்கள் அம்மா எங்கள் அப்பாவைக் கெடுத்துவிட்டாள் என்று சொன்னேன்.

மறு வருஷம் அப்பா வந்துவிட்டார். மீசையும் சிரிப்புமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார். சிடியை எல்லோரும் மறந்துபோனோம். எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, மாமா வீடு மாற்றுகிறபோது அது அகப்பட்டது. போட்டுக் காட்டினார்.

அப்பா ஒல்லியாக இருந்தார். சிரித்துக்கொண்டே பேசினார். பேச்சு நிற்கிற இடங்களில் எல்லாம் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்து, துண்டை இறக்கி, மறுபடி சிரித்தார்.

மாமா அப்போதுதான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் சர்ச்சுக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டதாம். கார்டில் ஒரு பழுதும் இல்லை. திரையிலிருந்து வரும் வயரைப் புதுக் கார்டில் சொருகாமல், பெட்டியின் பழைய துளையிலேயே விட்டிருக்கிறார். மாற்றிச் சொருகியதும் படம் வந்துவிட்டது. அம்மா முழுவதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, நேற்று இது எந்தத் துளையில் இருந்தது என்று கேட்டாளாம்.

"நான் பழையபடி மாத்த மாட்டேன்னுட்டேன்," என்றார் மாமா. "புள்ள மொதமொதப் பாக்குறது அழுவுற மூஞ்சியா இருக்க வேண்டாம்னு சொல்லி, அவளே மாத்திச் சொருகிட்டா."

அடையாளம் தெரியுதா என்று அப்பா கேட்ட இடத்தில், படம் வராத அந்த ஞாயிற்றுக்கிழமை நான், "தெரியுதுப்பா," என்றேன். பொய் என்பதால் மெதுவாகத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மா, கருப்புத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லு," என்றாள். சிடியில் இருப்பவருக்கு நாம் பேசுவது கேட்காது என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும். அம்மாவுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.