வீரையா அண்ணன் எழுந்து நின்று சொன்னது

திங்கட்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ரோஹானா அக்கா அழைத்தார். தொழிற்சாலையில் என் பக்கத்து இருக்கையில் இருபது வருடமாக வேலை செய்யும் மலாய்க்காரப் பெண்மணி அவர். வழக்கமாகச் சிரித்துக்கொண்டேதான் பேச்சைத் தொடங்குவார். அன்று, "சரோ, அபாங் வீரையா சூடா தாக் அடா," என்றார். வீரையா அண்ணன் இல்லை. புலாவ் செபாங் வீட்டில் பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். கையிலிருந்த ஈரச் சட்டையைக் கொடியில் போடவும் தோன்றாமல், வாளியில் போடவும் தோன்றாமல் நின்றேன்.

அவருடைய பஸ்ஸில் ஏறியவர்களுக்காக இதை எழுதுகிறேன். புலாவ் செபாங்கில் கிளம்பி, எஸ்டேட் சந்திகளிலும் தாமான் குடியிருப்பு முனைகளிலும் ஆள் ஏற்றிக்கொண்டு எங்கள் தொழிற்சாலைக்கு வரும் அந்த நீலப் பஸ்ஸை, இரண்டு வருடங்களுக்கு முன் ஓய்வு பெறும்வரை அவர்தான் ஓட்டினார். ஏறாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கருத்து இல்லாத விஷயம் உலகத்தில் கிடையாது. ரேடியோவில் செய்தி வாசித்து முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார். முகம் சாலையைப் பார்த்திருக்கும். கண் மட்டும் அவ்வப்போது தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எங்களைத் தேடும், யாராவது மறுத்துப் பேசமாட்டார்களா என்று.

தேர்தல் வந்தால் பஸ் இரண்டாகப் பிரிந்துவிடும். முன்வரிசை ஒரு கட்சி, பின்வரிசை ஒரு கட்சி. "அஞ்சு வருசமா நம்ம வீடு எங்க இருக்குன்னு தெரியாதவன் இன்னிக்கு வாசல்ல வந்து நிக்குறான். பிரியாணி போட்டா சாப்பிடுங்கலா, வேணாங்கல. ஓட்டை மட்டும் பசியில போட்டுறாதீங்க," என்பார். ஒருமுறை யாரோ கட்சிக் கொடியோடு ஏறப்போக, கதவை மறித்து, "என் வண்டியில மனுசங்க மட்டும் ஏறுங்க. கொடி நடந்து வரட்டும்," என்று சொல்லிவிட்டார்.

நோன்பு மாதத்தில், இரவு ஷிப்டுக்குப் போகும் பஸ் சரியாக நோன்பு திறக்கும் நேரத்தில் சாலையில் இருக்கும். அலோர் காஜா தாண்டி ஒரு மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டுவார். மலாய்ப் பெண்கள் பேரீச்சம்பழத்தைப் பிரித்து வாயில் வைக்கும்வரை காத்திருப்பார். ஐந்து நிமிடம் தாமதம் என்று சூப்பர்வைசர் ஒருநாள் வாசலிலேயே கேட்டபோது, "பட்டினியா இருக்கவங்களக் குலுக்கிக் குலுக்கி ஓட்ட முடியாது. வேணும்னா என் பேர்ல எழுதிக்குங்க," என்றார். எல்லாச் சாமியும் ஒன்றுதானே என்று நான் சொன்னதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படியெல்லாம் நான் சொல்ல மாட்டேன். என் சாமி எனக்கு, அவங்க சாமி அவங்களுக்கு. பசிதான் ஒன்னு."

அவர் சொன்னதெல்லாம் இப்படி நல்லதாகவே இருந்ததில்லை. செத்தவர் என்பதற்காக அதை மறைத்தால் அவருக்கே பிடிக்காது. ஏதோ ஒரு நாட்டுச் சண்டையைப் பற்றி ரேடியோவில் செய்தி போனது. "போர்னா இழுத்துக்கிட்டு இருக்கக்கூடாது. பெரிய குண்டா ஒன்னு போட்டு முடிச்சிரணும்," என்று சொல்லி, எல்லாருக்கும் புரியட்டும் என்று அதை மலாயிலும் சொன்னார். பின்னால் நிலார் என்ற பர்மாப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவரை மாமா முறையில் 'பாக்சிக்' என்று அழைக்கும் அவள் மெல்லிய குரலில், உடைந்த மலாயில், "எங்கள் கிராமத்தில் போட்டார்கள், பாக்சிக். என் அம்மா வீட்டின்மேல்," என்றாள். மறுநாளிலிருந்து அந்தச் செய்தி வந்தால் ரேடியோவை அணைத்துவிடுவார். ஆனால் அவளிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

போலீஸ் விஷயத்திலும் பிள்ளை வளர்ப்பு விஷயத்திலும் அவர் கருத்து கல்லில் வெட்டியதுபோல இருந்தது. போலீஸ்காரரை அவர் எஸ்டேட் வழக்கப்படி 'மாத்தா' என்றுதான் சொல்வார். "மாத்தா சும்மா கை வைக்க மாட்டான். அடியாத மாடு படியாது." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். நாங்களும் பலமுறை தலையாட்டியிருக்கிறோம். நானும்தான்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, டயர் கடையில் வேலை செய்துகொண்டிருந்த என் மகன் பிரகாஷைப் போலீஸ் வந்து அழைத்துப்போனது. திருடுபோன ஒரு மோட்டார் சைக்கிள் விவகாரம். அவனுக்கு அப்போது இருபத்தொரு வயது. எந்த ஊர் நிலையம் என்று இங்கே எழுதப்போவதில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கியரை மாற்றிக்கொண்டே, "மாத்தா சும்மா புடிக்க மாட்டான், தங்கச்சி. அவன் சேர்க்கை எப்படின்னு பாத்தியா? அப்பன் இல்லாத புள்ளைக்கு ரெண்டு அடி கூடப் போட்டு வளத்திருக்கணும்," என்றார். நாற்பது பேர் கேட்டார்கள். நான் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு நாளும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஆள் மாறிவிட்டது என்று பிரகாஷை விட்டார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு நிலையத்தின் வாசலுக்கு வந்தபோது எதிர்ப்புறத்தில் நீலப் பஸ் நின்றது. நாங்கள் அங்கே இருப்பதை ரோஹானா அக்கா சொல்லியிருக்கிறார். ஷிப்டுக்காரர்களை இறக்கிவிட்டு நேரே வந்துவிட்டார். எங்களைப் பார்த்து, "ஏறுங்க," என்றார்.

காலி பஸ்ஸில் பிரகாஷ் முன் இருக்கையில் உட்கார்ந்தான். ஆனால் சாயவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்த அண்ணன், "ஏன்டா சாய மாட்டேங்குற?" என்று கேட்டார். அவன் ஒன்றுமில்லை என்றான். அவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, எழுந்து வந்து, அவன் சட்டையைப் பின்னாலிருந்து மெல்லத் தூக்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் நெடுநேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கோடெல்லாம் எனக்குத் தெரியும், தங்கச்சி," என்றார் கடைசியில். "எத்தனாவது நாள் கறுக்கும், எப்ப உரியும், எல்லாம் தெரியும். எங்க கணேசன் முதுகுல நான் போட்டிருக்கேன். ரோத்தான் பிரம்பால."

கணேசன் அவருடைய ஒரே மகன். ஜொகூரில் வேலை அதிகம், வரமுடியவில்லை என்றுதான் எங்களிடம் சொல்லிவந்தார். மகன் அவரோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எங்களை வீட்டுக்கு அழைத்துப்போகாமல் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, மறுநாள் வேறொரு நிலையத்துக்கு எங்களோடு புகார் கொடுக்க வந்தார். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "அடித்ததை நீங்கள் பார்த்தீர்களா, பாக்சிக்?" அண்ணன் மலாயில் சொன்னார்: "பார்க்கவில்லை, துவான். முதுகைப் பார்த்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்." இதற்காகப் பஸ் முதலாளி கூப்பிட்டுத் திட்டியதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்தது. ஓராண்டு கழித்து, போதிய ஆதாரம் இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் புகார் கொடுத்த மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலையை நான் சொல்லியாகவேண்டும். கடைசிச் சந்தியில் ஆட்கள் ஏறியதும் அவர் எஞ்சினை அணைத்தார். வண்டியில் கோளாறு என்று நினைத்தோம். எழுந்து எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். இத்தனை வருடத்தில் அவருடைய முழு முகத்தையும் பஸ்ஸுக்குள் எல்லாரும் பார்த்தது அன்றுதான்.

"மாத்தா சும்மா கை வைக்க மாட்டான்னு இங்கதான் சொன்னேன். தப்பு. சரோ புள்ளையப் பத்திச் சொன்னதும் தப்பு. அடிச்சாத்தான் புள்ள உருப்படும்னு சொன்னேன். நான் அடிச்ச புள்ள என்னை விட்டுப் போயிட்டான். நீங்க யாராவது என் பேச்சக் கேட்டு அடிச்சிருந்தா, இனிமே அடிக்காதீங்க." பிறகு நிலார் பக்கம் திரும்பி மலாயில், "உன் அம்மாவிடமும் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்," என்றார். எல்லாவற்றையும் மலாயில் ஒருமுறை சொல்லி முடித்து, உட்கார்ந்து, வண்டியை எடுத்தார். கியர் இரண்டுமுறை சரியாக விழவில்லை.

சில நாள் கழித்துப் போனில் குரல் பதிவு அனுப்புவது எப்படி என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அதன்பிறகு வாரம் ஒன்று கணேசனுக்கு அனுப்புவார் என்று தெரியும். பதில் வந்ததா என்று ஒருமுறை கேட்டேன். "கேக்குறான். மெசேஜுக்குக் கீழ ரெண்டு கோடும் நீலமாயிருது. அது போதும்லா," என்றார்.

அவர் இறந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, அவர் வீட்டுக்குப் போனேன். பந்தலடியில் நின்ற கணேசனுக்கு அவருடைய தோளும் நடையும் அப்படியே இருந்தன. எல்லாம் முடிந்து கூட்டம் குறைந்தபிறகு அவராகவே என்னிடம் வந்தார்.

"நீங்கதான் சரோஜா அக்காவா? அப்பா போன்ல அனுப்புற குரல்ல ஒங்க பேரச் சொல்லுவாரு. பஸ்ல எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டேன்னு சொன்னாரு. நான் நம்பல. குடிச்சிட்டுப் பேசுறாருன்னு நெனைச்சேன்."

"அவரு குடிக்கறதே இல்லையே, தம்பி."

"எங்க காலத்துல குடிச்சாரு, அக்கா."

நடந்ததைச் சொன்னேன். பட்டப்பகலில், எஞ்சினை அணைத்துவிட்டு, நாற்பது பேருக்கு முன் நின்று சொன்னார் என்றேன். கணேசன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கேன், அக்கா. ஒன்னுக்காவது பதில் போடலாம்னுதான் இருந்தேன். இன்னும் நாள் இருக்குன்னு நெனைச்சிட்டேன்," என்றார். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு நேபாளப் பெண்ணைச் சோம்பேறி என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். அவள் காய்ச்சலோடு வந்து நின்றிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கேண்டீனில் அதே நாலு பேர் உட்கார்ந்திருந்த மேசைக்கு அவளை அழைத்துப்போய், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். வீரையா அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். எத்தனை பேர் கேட்கத் தப்பாகச் சொன்னோமோ, அத்தனை பேர் கேட்கத் திருத்திச் சொல்வது. கஷ்டமாகத்தான் இருக்கிறது, அண்ணே.