சிவப்பு எரிந்தால் ஓடுகிறது

என் மருமகள் கிதார் வாசிப்பாள் என்பது கல்யாணத்துக்கு முன்பே எங்களுக்குத் தெரியும். அதற்கு வேண்டிய கால் சுவிட்சைத் தன் கையாலேயே செய்வாள் என்பதுதான் தெரியாது.

அவள் வாங்கியது பழைய ஆம்ப்ளிஃபயர், கல்லூரிப் பையன்கள் விற்றது. அதில் இரண்டு விதமான ஒலி உண்டு. ஒன்று தெளிவாக, மெல்லியதாக இருக்கும். மற்றது கரகரவென்று உறுமும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற, பின்பக்கத் துளையில் ஒரு சுவிட்சைச் செருகித் தரையில் வைத்து மிதிக்க வேண்டும். அந்தச் சுவிட்ச் விற்றவர்களிடமே இல்லை. வாசிக்கிறவளுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். குனிந்து பொத்தானைத் தேட முடியாது.

அவளுக்கு அவசரமும் இருந்தது. எங்கள் சர்ச் சபையில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு மட்டும்தான். எலக்ட்ரிக் கிதார் வேண்டும் என்று கேட்டவள் இவள்தான். கமிட்டியில் நானும் ஒருவன். பலரும் முகம் சுளித்த பிறகு, ஒரு ஞாயிறு வாசிக்கட்டும், கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று தீர்மானித்தோம்.

சுவரில் பதிக்கிற இரும்புச் சுவிட்ச் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். வாசலில் உட்கார்ந்து துளை போட்டு, விளிம்பை அரத்தால் ராவினாள். ஒரே மிதியில் இரண்டு வேலை செய்யும் சுவிட்ச் அது. ஒரு பாதி ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்லும். மறு பாதி விளக்கை மாற்றும். விளக்குக்கான பேட்டரியின் மின்சாரம் ஆம்ப்ளிஃபயர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதபடி ஒயர்களைப் பிரித்திருந்தாள். நான் எஞ்சினியரிங் படித்தவன். பம்ப் மோட்டார் கம்பெனியில் கண்ட்ரோல் பேனல் சோதிக்கும் பிரிவிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். குறை கண்டுபிடிக்கத்தான் அருகில் போய் உட்கார்ந்தேன்.

"ரெசிஸ்டர் போட்டயா அம்மணி?"

"போட்டேனுங்க மாமா. போடாம உட்டா லைட்டு ஒரே மூச்சுல போயிருமில்ல?"

சபைக்குள் செருப்பு கிடையாது. வெறுங்காலில் மிதித்துப் பார்த்தாள். இரும்புக் குமிழ் பாதத்தில் குத்தியது. என் பழைய கைத்தடியின் அடி ரப்பரைக் கழற்றி அதன்மேல் மாட்டினாள். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. "மாமா, இனி உங்க தடி வழுக்கும், பாத்துங்க" என்றாள்.

பெட்டியில் இரண்டு விளக்குகள், சிவப்பும் பச்சையும். எந்த ஒலி வரப்போகிறது என்று கம்பியைத் தொடுமுன்பே தெரிந்துகொள்ள. வெள்ளிக்கிழமை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். உறுமும் ஒலிக்குப் பச்சை எரிந்தது. மெல்லிய ஒலிக்குச் சிவப்பு. ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். பச்சை என்றால் பாயலாம், சிவப்பு என்றால் அடங்கி நிற்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

எனக்கு அது பொறுக்கவில்லை. மோட்டார் பேனலில் ஓடுவதற்குச் சிவப்பு விளக்கு, நிற்பதற்குப் பச்சை. அந்தியூர்ப் பக்கம் பேனல் மாட்டப் போனால், வயலின் அந்தக் கோடியிலிருந்தே விவசாயி பம்ப் ரூமைப் பார்ப்பார். சிவப்பு தெரிந்தால் தண்ணீர் வருகிறது என்று மண்வெட்டியை எடுப்பார். உறுமுவதுதானே ஓடுவது? அதற்குப் பச்சையா? சனிக்கிழமை அவள் வெளியே போயிருந்தபோது பெட்டியைத் திறந்தேன். விளக்குகளுக்குப் போகும் இரண்டு ஒயர்களை மாற்றிப் பற்றவைத்து மூடினேன். அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் பிரிவில் தப்பைக் கண்டால் திருத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

ஞாயிறு காணிக்கைப் பாட்டு. அவள் குனிந்து பார்த்தாள், சிவப்பு எரிந்தது. மெல்லிய ஒலி என்று நம்பிக் கம்பிகளை மீட்டினாள். சபையே அதிர்ந்தது. காணிக்கைப் பை நீட்டிய கை அப்படியே நின்றது. என் பக்கத்திலிருந்த பெரியவர், "ஏனுங்க, உள்ள மாவு மில்லு ஓட்டறாங்களா?" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள்.

அவள் உள்ளங்கையால் கம்பிகளை அமர்த்தினாள். சுவிட்சை மிதிக்கவில்லை. அடுத்து எது வருமோ என்று அதை நம்பவில்லை. கிதாரிலேயே இருந்த சத்தத் திருகைச் சுண்டுவிரலால் நன்றாகக் குறைத்தாள். பிறகு விரல் நுனிகளால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். உறுமல் கரைந்து, சற்றே கம்மிய இனிய குரல்போல ஒன்று வந்தது. குழு பாடத் தொடங்கியது. பாட்டு முடியும்வரை அவள் விளக்கைப் பார்க்கவே இல்லை. உள்ளே போவதைக் குறைத்தால் உறுமுவதற்கு ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவள் ஒரு மூச்சு நேரத்தில் அதைச் செய்திருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டித் தலைவர் வந்தார். "காலு பதறிப்போச்சாட்ட இருக்குது கண்ணு. நல்லாப் பழகிக்க. அப்பறம் பாக்கலாம்."

"சரிங்கய்யா" என்றாள்.

நான் பக்கத்திலேயே நின்றேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. ஒயரை மாற்றியதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம், அப்படி நின்றதை மன்னிக்க முடியவில்லை.

கிதார் உறைக்குள் போயிற்று. சுவிட்சை அவள் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. "என் காலுதானுங்க தப்பு, அவசரத்துல லைட்டையும் சரியாப் பாக்கல" என்று என் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இரண்டு நாள் அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சொன்னேன்.

"அம்மணி, உன் காலு தப்பில்ல. நான்தான் ஒயரை மாத்திப்போட்டேன்."

"எதுக்குங்க மாமா?"

"ஓடுனா சிவப்புத்தான எரியோணும்?"

என்னையே பார்த்தாள். "உங்க ஸ்டார்டர்ல மோட்டாரை ஓட்டறதுக்கு எந்தப் பட்டனை அமுக்குவீங்க?"

"பச்சை."

"அப்பறம் ஏனுங்க?"

அவள் சிரிக்கவில்லை. "எங்கிட்டச் சொன்னது சரிங்க. அன்னைக்கு அவுங்க முன்னால சொல்லியிருக்கோணும்."

அடுத்த கமிட்டியில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன், அங்கே வாய் மூடி நின்றதையும் சேர்த்து. மாவு மில்லு ஓட்டுகிறார்களா என்று கேட்ட பெரியவர், "அப்ப மில்லை ஓட்டுனது நீங்கதானுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், அவள் எப்படி அந்தச் சத்தத்தை அடக்கினாள் என்று தலைவர் கேட்டார். திருகைக் குறைத்ததை விளக்கினேன். கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன் போலிருக்கிறது, உட்காரச் சொன்னார்கள். இன்னொரு ஞாயிறு அவளுக்குக் கொடுத்தார்கள்.

வீட்டில் அவள் இரண்டு விளக்குகளையும் பிடுங்கினாள். என்னைப் பெட்டியைத் தொட விடவில்லை.

"மாமா, உங்க பேனல்ல நீலத்துக்கு ஏதாச்சும் அர்த்தம் இருக்குதுங்களா?"

"இருக்குது. கரண்டு லைன்ல மூணாவது பேஸ்."

"வெள்ளைக்கு?"

யோசித்தேன். "எங்க பிரிவுல இல்ல."

வெள்ளை விளக்கு ஒன்றை மட்டும் வைத்தாள். எரிந்தால் உறுமும், எரியாவிட்டால் மெல்லிசு. மிச்சத் துளையை ஒரு திருகாணியால் அடைத்தாள்.

அந்த ஞாயிறு காணிக்கைப் பாட்டு வந்தது. அவள் நிமிர்ந்தபடியே முதல் கம்பியை மெல்லத் தொட்டாள். நான்தான் முன்வரிசையிலிருந்து அவள் கால் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.