பேயை மறைத்து நின்றவர்

பயத்துக்கு யாராவது வெள்ளி விழா கொண்டாடுவார்களா? கொண்டாடுகிறார்கள். போன சனிக்கிழமை கோவை மால் தியேட்டர் ஒன்றில் நானே பார்த்தேன்.

ஒரு காலத்தில் கொங்கு வட்டாரத்தையே நடுங்க வைத்த பேய்ப் படம். வெளியாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக மேட்னியில் சிறப்புக் காட்சி. அதில் பேயாக நடித்தவர் எங்கள் பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா. எங்கள் சிங்காநல்லூரில் என்னைத் தவிர இது யாருக்கும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. படம் முழுக்க முகத்தில் தலைமுடி... குரல் வேறொருவருடையது... டைட்டிலில் பெயரும் கிடையாது. பொள்ளாச்சித் தோப்பில் கயிற்றில் தொங்கி நடித்துவிட்டு வந்தவருக்கு, அதன் பிறகு வாய்ப்பே வரவில்லை.

விழா என்றதும் தியேட்டருக்கு போன் போட்டு, பேயாக நடித்தது தான்தான் என்று சொல்லியிருக்கிறார். போனை எடுத்தவர், "அப்படிங்களா... கண்டிப்பா வந்துருங்கம்மா" என்றாராம். அக்கா அதை மேடைக்கான அழைப்பாகவே எடுத்துக்கொண்டார். நம் ஊரில் யாராவது யாரையாவது வர வேண்டாம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் புதுப் புடவை, பார்லர், மைக்கில் பேச நாலு வரி மனப்பாடம் என்று இருந்தவரிடம் எப்படிச் சொல்வது?

"ஒரு தடவையாச்சும் சனம் எம்மூஞ்சிய பாக்கட்டும் கண்ணு" என்றார்.

தியேட்டர் வாசலில் ஒரு காலேஜ் பெண், வெள்ளைப் புடவையும் விக்குமாக நின்றிருந்தாள். தியேட்டர்காரர்கள் ஏற்பாடு செய்த பேய். செல்ஃபி எடுக்க நீளமான வரிசை. அக்கா அருகே போய் அந்த விக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் செல்போனை இறக்கி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க. பேயை மறைக்கறீங்க."

தள்ளிக்கொண்டார். திட்டியிருந்தால் நானும் நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன். இவ்வளவு பணிவாகச் சொல்கிறவரை என்ன செய்வது?

உள்ளே மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. படம் மட்டும்தான். அக்கா திரையில் வந்ததுமே விசில். தென்னை மரத்திலிருந்து அவர் தலைகீழாக இறங்கியபோது தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. பேய்ப் படத்துக்கு ஆண்டு விழா என்றால் இதுதான் போலிருக்கிறது — அன்றைக்குப் பயந்ததற்காக ஊரே கூடி இன்றைக்குச் சிரித்துவைப்பது. அக்காவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

"பயமாச்சும் பட்டிருக்கலாம்" என்றார் இடைவேளையில். அவ்வளவுதான். எனக்கு அழுகைதான் வந்தது.

படம் விட்டு வெளியே வந்தோம். வரிசை கலைந்திருந்தது. தனியாக நின்ற அந்தப் பெண், "ஆன்ட்டி, போட்டோ வேணுங்களா?" என்று கேட்டாள். இவர் யாரென்று சொல்லிவிட வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தார். பிறகு போய் அவள் பக்கத்தில் நின்று சிரித்தார். அக்காவின் செல்போனில் நானே எடுத்தேன்.

நாங்கள் வீடு வந்து சேர்ந்ததும், தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் போட்டோ வந்தது. அதில் அக்கா நின்றிருந்தது வலது பக்கம். கீழே அக்காவே ஒரு வரி எழுதியிருந்தார்.

"இடது பக்கம் இருப்பது நான்."