ஜன்னல் வைத்த பை

போன கிழமை மகளைப் பார்க்கப் போக, கல்முனையில் மட்டக்களப்பு பஸ்ஸுக்காக நின்றேன். அப்போதுதான் மழை விட்டிருந்தது. மருந்துக்கடை வாசலில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள். அதன் பெற்றோல் தாங்கியின் மேல் கூடாரம் அடிக்கிற தறப்பாளில் தைத்த ஒரு பை நனைந்துபோய் இருந்தது. நனைந்த தறப்பாளின் மணம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பழைய கூடாரமும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தேன். பையின் மூடியில் கண்ணாடிப் பொலித்தீனில் ஒரு ஜன்னல், மஞ்சளாகிப் போய். மூலைகளில் மடித்து மடித்துப் போட்ட தையல். என்னுடைய தையல்தான்.

ஆட்கள் இளவயதில் முதல் வேலைக்குப் போவார்கள். நான் ஐம்பது கடந்து போனேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கடையில் மிச்சக்காசு கேட்கவும் கூச்சப்படுகிறவள். கடல் வந்த காலையில் என் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோனது. தையல் மெசினை மட்டும் வேலியோரத்து மண்ணில் செருகிவிட்டுப் போயிருந்தது. கூடாரத்தில் இருந்த நாட்களில் அதற்குத் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைப்பேன். சக்கரம் அசையாது. ஆனாலும் துடைப்பேன்.

அந்த மெசினைத் தூக்கிக்கொண்டுதான் நானும் மகளும் சாய்ந்தமருதில் றிஸ்வானின் பட்டறைக்கு முதன்முதல் போனோம். மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிறவர்களுக்கு, பின்னால் பூட்டுகிற இரும்புப் பெட்டி செய்கிறவர் அவர். பெட்டி றிஸ்வான் என்றால்தான் ஊருக்குத் தெரியும். மெசினைத் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ராத்தா, இது மௌத்தாகல்ல. மயக்கம்தான்."

கடல் வந்த பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஓட வைத்தார். கூலி வேண்டாம், மீன்பெட்டிகளுக்கு மழைமூடி தைத்துத் தாருங்கள் என்றார். நிவாரணக் கூடாரத் துணி கிடந்தது, வலை நூல் கிடந்தது. மூடியிலிருந்து பைக்கு வந்தோம். தூரம் ஓடுகிறவர்களுக்குத் தாங்கிமேல் வைக்கிற பை.

ஜன்னல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மகளின் முதல் பிரசவத்துக்கு ஒருமுறை மட்டக்களப்புக்குப் போனோம். பாலத்தடியில் இராணுவத்தின் சோதனைச்சாவடி. எல்லோரையும் இறக்கி, என் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். பிள்ளைத் துணியோடு என் உள்பாவாடையும் தார் றோட்டில் கிடந்தது. வரிசையில் நின்ற ஆண்களெல்லாம் மரியாதைக்கு வானத்தைப் பார்த்தார்கள். அவர்கள் வானத்தைப் பார்த்ததுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

அதனால் நான் பை தைத்தால் ஜன்னலும் தைப்பேன். திறக்காமலே பார்த்துவிட்டு அனுப்பலாமே. றிஸ்வான் ஏன் என்று கேட்டதே இல்லை. வாங்கியவர்களும் கேட்டதில்லை. பைக்கு வாய் இருக்கிற மாதிரி ஜன்னலும் இருக்கும் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் நினைப்பு.

யுத்தம் முடிந்து பாதை திறந்தது. பொத்துவில் கடலுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிற கொழும்புப் பிள்ளைகள் ஒரு கூட்டம் பை கேட்டார்கள். கடன்பட்டுப் புதுத் தறப்பாள் எடுத்தார் றிஸ்வான். இது சரிவந்தால் இன்னும் இரண்டு பெண்களைத் தையலுக்கு எடுக்கலாம், இல்லையென்றால் திரும்பவும் மீன்பெட்டி மட்டும்தான் என்றார். மீன்பெட்டிக்குத் தையல்காரி எதற்கு? அதை அவர் சொல்லவில்லை. நானே விளங்கிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த நேரம், பைகளை எடுக்க அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். தொங்கிய தறப்பாளுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றினால், பெண்பிள்ளை! அதைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றவள், மூட மறந்துவிட்டேன். கூட்டத்துக்குப் பெரியவனான பொடியன் ஜன்னலைத் தட்டி, றிஸ்வானை அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"இது எதுக்கு நானா? என் உடுப்ப ஊரெல்லாம் பாக்கவா?"

"ஆமிக்குத் தம்பி. தொறக்காமப் பாத்துட்டு உட்ருவான்."

"அதெல்லாம் முடிஞ்சிட்டே நானா."

பிள்ளைகள் சிரித்தார்கள். றிஸ்வானின் முகம் கறுத்துப்போனது. வெட்டிவிட்டு மறுபடி தைத்துத் தருவதாகச் சொன்னார். வெட்டினால் பழைய ஊசித் துளைகளால் மழை இறங்கும். அது எனக்குத்தான் தெரியும். வேறு வழியில்லை, தறப்பாளுக்குப் பின்னால் இருந்தே கதைத்தேன்.

"வெட்டாதீங்க மகன், தண்ணி பூரும். உள்ளுக்க ஒரு கடதாசி வைங்க, உடுப்பு தெரியா."

தறப்பாள் கதைத்தது என்று நினைத்தானோ என்னவோ, பொடியன் இரண்டடி பின்னால் போனான். பிறகு அந்தப் பெண்பிள்ளைக்குச் சிங்களத்தில் சொன்னான். அவள் சட்டைக்குள்ளிருந்து பாதைப்படம் ஒன்றை எடுத்து, மடித்து, ஜன்னலுக்குக் கீழே செருகினாள். அளவெடுத்து வெட்டின மாதிரி இருந்தது. தாங்கியில் வைத்து ஏறி உட்கார்ந்தாள். பாதை அவள் கண்ணுக்கு நேரே விரிந்து கிடந்தது. "நல்லம்" என்றாள், தறப்பாளைப் பார்த்து.

ஒரு பையும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் றிஸ்வான், "படம் வைக்கத்தான் எங்கட ராத்தா ஜன்னல் வச்சா" என்பார். நானும் மறுத்ததில்லை. இரண்டு பெண்கள் வந்தார்கள், பிறகு இன்னும் சிலர். ஊசிக்கண் தெரியாமல் போகும்வரை நானும் தைத்தேன்.

மருந்துக்கடையிலிருந்து வந்தவர் ஜன்னலுக்குள் போனைச் செருகினார். பாதைப்படக் கடதாசியும் இல்லாமல் போய்விட்டது, பாருங்கள். இது நான் தைத்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. முக்காட்டை இழுத்துக்கொண்டு பஸ் வருகிற பக்கம் திரும்பினேன்.

பஸ்ஸிலும் அதே நினைப்புத்தான். சாவடியைக் கழற்றி எவ்வளவோ காலம். அந்தப் பாலத்தடியில் இப்போது வத்தகைப்பழம் விற்கிறார்கள். ஆனாலும் அந்த இடம் வந்தால் மடியிலிருக்கும் பையின் ஜிப்பை என் கை தானாகத் திறந்துவிடும். மகள் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறாள்.

அன்றைக்கு அந்தப் பாலத்தைத் தாண்டி, களுவாஞ்சிக்குடியும் கடந்த பிறகுதான் மடியைப் பார்த்தேன். ஜிப் மூடியபடியே இருந்தது.